ஒரே பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விண்ணப்பம்: போடுவதும் முடிவு வரும்வரை சமாளிப்பதும்

மேற்படிப்பா, நான்கைந்து இடங்களில் போட்டு வை என்பதுதான் எல்லாரும் சொல்லும் யோசனை. சிங்கப்பூரிலேயே இருந்து படிக்க வேண்டியவருக்கு அது பல நேரம் ஒத்துவராது. ஆசிரியர் பயிற்சிக்கு இங்கே இருப்பது தேசியக் கல்விக் கழகம் ஒன்றுதான். பட்டம் முடித்துவிட்டு மருத்துவம் படிக்க வருபவர்களுக்கு டியூக்-என்யுஎஸ் ஒன்றுதான். தமிழ் சார்ந்த ஆய்விலும் அப்படித்தான்: தமிழ் கற்பித்தல் பற்றிய கேள்வி என்றால் தேசியக் கல்விக் கழகம், வரலாறு, சமூகம், பண்பாடு என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வுப் பிரிவு. இரண்டு கதவுகள் இருப்பதுபோல் தெரிந்தாலும், உங்கள் கேள்விக்குத் திறப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆக, ஒன்று மட்டும் போடுவது தவறில்லை. ஆனால் நான்கு போடுபவர் ஒன்றில் கோட்டை விட்டாலும் மூன்று மிஞ்சும். உங்களுக்கு மிஞ்ச எதுவும் இல்லை. இப்படிப் போடுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கோப்பில் ஏதோ ஒரு தாள் குறைந்துபோவது, கடிதம் கைக்கு வருமுன் வேலையை விடுவது. இரண்டுமே உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை.

முதலில், ஒன்று போதுமா?

மூன்று காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்தப் படிப்போ அந்த வழிகாட்டியோ வேறெங்கும் இல்லை. வயதான பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஊரை விட்டு நகர முடியாது. அல்லது, முதலாளி இந்தப் படிப்புக்குத்தான் பணம் கட்டுவார். இவற்றோடு, ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் இன்னும் ஓராண்டு இப்போதைய வேலையிலேயே ஓட்ட முடியும் என்ற நிலைமையும் வேண்டும்.

படிவம் நிரப்பச் சோம்பல், விண்ணப்பக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதெல்லாம் காரணமே இல்லை. பேராசிரியர் மின்னஞ்சலில் ‘தாராளமாக விண்ணப்பியுங்கள்’ என்று எழுதியதும் காரணமில்லை. அது மரியாதைக்கு எழுதும் வரி. இடம் கொடுப்பது தேர்வுக் குழு, அவர் மட்டும் அல்ல.

ஒரே பல்கலைக்கழகம் என்றால் ஒரே வாய்ப்பு என்று நினைக்க வேண்டாம். பகுதிநேரப் படிப்பு, ஜனவரிச் சேர்க்கை, முனைவர் பட்டத்துக்குப் பதில் ஆய்வுவழி முதுகலை, பிறகு முதுநிலைக்குக் கணக்கில் சேரும் பட்டயச் சான்றிதழ்கள் என உள்ளேயே பல வாசல்கள் உண்டு. படிவத்தில் ‘இரண்டாவது விருப்பம்’ என்ற கட்டம் இருந்தால் காலியாக விடாதீர்கள். ஆனால் இடம் கிடைத்தால் உண்மையிலேயே போய்ச் சேரும் படிப்பை மட்டும் எழுதுங்கள்.

பெயரும் சான்றிதழும்

தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ போட்டுத் தந்தை பெயர் இருக்கும். தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்தில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கடப்பிதழில் அந்த முன்னெழுத்து முழுப் பெயராக விரிந்திருக்கும், சில நேரம் குடும்பப் பெயர் கட்டத்தில். விண்ணப்பத் தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. சாய்கோட்டையும் சில தளங்கள் ஏற்காது.

என்ன செய்வது? கடப்பிதழில் உள்ள வரிசையை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், மேற்படிப்புக்கான ஜிஆர்இ திறன் தேர்வு, ஐஇஎல்டிஎஸ், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுகள், எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். தேர்வுக்குப் பதியும்போதே இதைச் செய்ய வேண்டும். மதிப்பெண் வந்தபின் திருத்துவது பெரும்பாடு. பெயர் வேறுபட்டால், பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் மதிப்பெண் உங்கள் கோப்போடு இணையாமல் அநாதையாகக் கிடக்கும். தளத்தில் உங்கள் கோப்பு ‘ஆவணம் நிலுவை’ என்றே நிற்கும். பட்டத்தில் உள்ள பெயர் மாறுபட்டிருந்தால், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்ட ஒரு பக்க வாக்குமூலத்தைச் சான்றிதழோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றுங்கள்.

இந்தியப் பட்டதாரிகள் பருவவாரி மதிப்பெண் பட்டியல் அனைத்தையும் கொடுக்க வேண்டும். தொகுப்புப் பட்டியல் மட்டும் போதாமல் போகலாம். விழுக்காட்டை நீங்களாகவே 5 புள்ளிக்கோ 4 புள்ளிக்கோ மாற்றி எழுதாதீர்கள். உள்ளபடியே எழுதி, மொத்தம் எத்தனைக்கு என்பதைக் குறிப்பிட்டால் போதும். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தரவிளக்கம் இருக்கும். அதை ஸ்கேன் செய்ய மறப்பவர்கள் அதிகம்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண் 2 ஆண்டு செல்லும். ஜிஆர்இ 5 ஆண்டு. ஆங்கிலவழியில் பட்டம் பெற்றவர்களுக்கும் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கும் விலக்கு உண்டா என்பது துறைக்குத் துறை மாறும். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் துறையின் பக்கத்தையும் பாருங்கள். ஜிஆர்இ எழுதினால், முடிவு வர 8 முதல் 10 நாள். திருப்தியில்லை என்றால் மறுபடி எழுத 21 நாள் இடைவெளி கட்டாயம். ஆகவே இரண்டாம் முயற்சிக்கும் இடம் விட்டு, கடைசி நாளுக்கு 2 மாதம் முன்பே முதல் முயற்சியை முடித்துவிடுங்கள். டியூக்-என்யுஎஸ்ஸுக்கு எம்கேட் அல்லது கேம்சாட் என்ற மருத்துவச் சேர்க்கைத் தேர்வு வேண்டும்; எம்கேட் முடிவுக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

பரிந்துரையாளர்கள்

கோப்பு பாதியில் நின்றுபோவதற்கு முதல் காரணம் பரிந்துரைக் கடிதம். பெரும்பாலும் இருவர் தேவைப்படுவார்கள். நீங்கள் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் தளம் அவர்களுக்கு இணைப்பு அனுப்பும். இங்கேதான் கோளாறு. சில தளங்கள் நீங்கள் முகவரியைச் சேமித்ததும் அனுப்பும். சில, விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துக் கட்டணம் கட்டிய பிறகுதான் அனுப்பும். இரண்டாம் வகைத் தளத்தில் கடைசி இரவு 11 மணிக்குச் சமர்ப்பித்தால், பரிந்துரையாளருக்கு ஒரு மணிநேரம்கூடத் தராத கணக்கு.

6 வாரம் முன்பே கேளுங்கள். ‘எனக்குக் கடிதம் தர முடியுமா’ என்று கேட்பதைவிட, ‘என் ஆய்வுத் திறனைப் பற்றி வலுவாக எழுத உங்களுக்குப் போதிய விவரம் இருக்கிறதா’ என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடலாம். சம்மதித்தவருக்கு ஒரே மின்னஞ்சலில் இவற்றை அனுப்புங்கள்: தன்விவரக் குறிப்பு, நோக்க உரையின் வரைவு, மதிப்பெண் பட்டியல், அவரிடம் செய்த ஆய்வேடு அல்லது திட்டத்தின் தலைப்பு, கடைசி நாள், அவர் கடிதத்தில் இடம்பெற்றால் உதவும் மூன்று செய்திகள். உண்மையில் நடந்த, அவர் கண்ணால் பார்த்த செய்திகளாக இருக்கட்டும்.

அலுவலக அல்லது பல்கலைக்கழக முகவரியையே கொடுங்கள். ஜிமெயில் முகவரியைப் பல துறைகள் சந்தேகத்தோடு பார்க்கும். இணைப்பு அனுப்பப்பட்ட அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டுங்கள்: வேண்டாத அஞ்சல் பெட்டியையும் பார்க்கச் சொல்லி. 2 வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், 3 நாள் முன்பு இன்னொன்று. அதற்குமேல் நச்சரிக்க வேண்டாம். மாறாக, மூன்றாவது ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள். ஒரே விண்ணப்பம் போடுபவருக்கு இது ஆடம்பரம் அல்ல.

குடும்ப நண்பர், கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர், அடித்தளத் தலைவர் ஆகியோரிடம் கடிதம் வாங்குவது நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. தேர்வுக் குழுவுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. உங்களுக்குப் பாடம் நடத்தியவர், ஆய்வை மேற்பார்த்தவர், வேலையில் நேரடி மேலாளர், இவர்கள் போதும்.

வழிகாட்டியும் நோக்க உரையும்

ஆய்வுப் படிப்புக்கு, விண்ணப்பிக்கும் முன்பே வழிகாட்டியைத் தேடிக்கொள்ளுங்கள். ஓய்வுபெறப் போகிறவர், ஓராண்டு விடுப்பில் இருப்பவர், ஏற்கெனவே கைநிறைய மாணவர் வைத்திருப்பவர் ஆகியோரை நம்பி ஒரே விண்ணப்பத்தையும் போட்டுவிட்டால், உங்கள் தகுதியில் குறையே இல்லாமல் கோப்பு ஒதுக்கப்படும். ‘ஆகஸ்ட் சேர்க்கைக்குப் புதிய மாணவரை எடுக்கிறீர்களா’ என்ற கேள்விதான் அந்த மின்னஞ்சலின் உயிர். 150 முதல் 200 சொல் போதும்: நீங்கள் யார், அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்கள் கேள்வி எங்கே தொடுகிறது, அந்தக் கேள்வி என்ன, எடுக்கிறாரா. பதில் வராவிட்டால் 2 வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால் அதே துறையில் அடுத்தவர். இருவருமே மௌனம் என்றால், ஒன்று மட்டும் போடுவது என்ற முடிவையே மறுபடி யோசிக்க வேண்டும்.

நோக்க உரையில் பலர் செய்யும் தவறு, பல்கலைக்கழகத்தின் பெருமையை அதற்கே எடுத்துச் சொல்வது. உலகத் தரவரிசையில் அது எத்தனையாவது என்று குழுவுக்குத் தெரியும். ஒன்று மட்டும் போடும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: உரையை நான்கு ஊருக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுத வேண்டியதில்லை. அந்தத் துறையின் எந்தப் பாடம், எந்த ஆய்வகம், எந்த நூலகத் தொகுப்பு, யாருடைய ஆய்வு என்று பெயர் சொல்லி எழுதலாம். தெற்காசிய ஆய்வுக்குப் போகிறவர் என்றால், சிங்கப்பூரின் பழைய தமிழ் நாளிதழ்களைப் பயன்படுத்தப் போவதைச் சொல்லி, அவை எங்கே கிடைக்கும், எந்த ஆண்டுகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினாலே, வீட்டுப்பாடம் செய்தவர் என்று குழுவுக்குத் தெரிந்துவிடும்.

உதவித்தொகைக் கட்டத்தைக் கவனியுங்கள். பல ஆய்வுப் படிப்புகளில் அது படிவத்துக்குள்ளேயே ஒரு கேள்வியாக வரும். ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் பின்னால் மாற்றுவது கடினம். வெளிநாட்டு ஆய்வு மாணவர்களுக்கான சிங்கா விருது போன்ற உதவித்தொகைகளுக்குத் தனித் தளம், தனிக் கடைசி நாள். பாடவழி முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலும் முழுக் கட்டணம். மத்திய சேமநிதிக் (மசே நிதி) கல்விக் கடனை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது மானியம் பெறும் முழுநேரப் படிப்புகளுக்கானது.

சமர்ப்பிக்கும் நாள்

கடைசி நாளுக்கு 5 நாள் முன்பு முடித்துவிடுங்கள். ஏற்றிய ஒவ்வொரு கோப்பையும் தளத்திலிருந்தே திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் உள்ளதை அல்ல. பக்கம் தலைகீழாக இருப்பது, பழைய வரைவு ஏறியிருப்பது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கட்டணம் போனதற்கான ரசீதும் விண்ணப்ப எண்ணும் வந்தால்தான் வேலை முடிந்தது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வராமல் பணம் போகாமலே ‘போட்டாச்சு’ என்று நிம்மதியாக இருந்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் கழித்துத் தளத்தில் நுழைந்து, பரிந்துரைகள் இரண்டும் ‘பெறப்பட்டது’ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

காத்திருக்கும் மாதங்கள்

டிசம்பர் நடுவில் முடியும் விண்ணப்பத்துக்கு ஜனவரியில் சல்லடை, பிப்ரவரி, மார்ச்சில் நேர்காணல், அதன் பிறகு முடிவு என்பது பொதுவான ஓட்டம். சீனப் புத்தாண்டையொட்டி எல்லாம் மெதுவாகும். உதவித்தொகை முடிவு சேர்க்கை முடிவுக்குப் பின்னால் தனியாக வருவதும் உண்டு. பாடவழிப் படிப்புகளில் பல துறைகள் விண்ணப்பங்கள் வந்துசேரும் வரிசையிலேயே முடிவு சொல்லும். அங்கே முன்னால் போட்டவருக்கே சாதகம்.

தெரிந்தவர் ஒருவருக்குக் கடிதம் வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் அது மறுப்பு என்று அர்த்தமில்லை. முடிவுகள் தொகுதி தொகுதியாக வெளியாகும். முதல் சுற்றில் இடம் கிடைத்தவர்களில் சிலர் வெளிநாட்டுக்குப் போய்விட, அந்த இடங்கள் அடுத்த சுற்றுக்கு வரும். தமிழ்மொழி மாதம் நடக்கும் ஏப்ரலிலும் தளம் ‘பரிசீலனையில்’ என்றே காட்டினால், அது எதையும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் மாறுவதை நாளுக்குப் பத்து முறை போய்ப் பார்ப்பதால் பயனில்லை. வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத அஞ்சல் பெட்டியையும் அன்றே பாருங்கள்.

துறை அறிவித்த காலம் முடியும்வரை விசாரிக்க வேண்டாம். அது கடந்து 2 வாரம் ஆகியும் செய்தி இல்லை என்றால், மேற்படிப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள், பேராசிரியருக்கு அல்ல. தலைப்பில் விண்ணப்ப எண், படிப்பு, சேர்க்கை மாதம். உள்ளே நான்கு வரி: என் கோப்பு முழுமையாக இருக்கிறதா, முடிவு எப்போது எதிர்பார்க்கலாம், வேலையிடத்தில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன், நன்றி. ‘நான் இங்கே மட்டும்தான் போட்டிருக்கிறேன்’ என்று இரங்கும் தொனியில் எழுதாதீர்கள். அந்த அதிகாரியால் அதைவைத்து ஒன்றும் செய்ய முடியாது. கட்டுரை ஏற்கப்பட்டது, இறுதிப் பருவ மதிப்பெண் வந்தது போன்ற கனமான புதுச் செய்தி இருந்தால் ஒருமுறை அனுப்பலாம். ஒருமுறைதான்.

நேர்காணலில் ‘வேறெங்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள்’ என்று கேட்பார்கள். இல்லாத போட்டியை உருவாக்க வேண்டாம். கல்வித் துறையில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ‘இங்கே மட்டும். என் ஆய்வுக்கான தரவு சிங்கப்பூரில் இருக்கிறது, அதற்கு வழிகாட்டக்கூடியவர் இந்தத் துறையில் இருக்கிறார், கிடைக்காவிட்டால் வேலையில் தொடர்ந்து அடுத்த சேர்க்கைக்கு வருவேன்’ என்றால் போதும்.

வீட்டாரையும் உறவினரையும் பொறுத்தவரை, முடிவு வரும் மாதத்தைக் கேட்டவர்களுக்கு ஒரு மாதம் தள்ளியே சொல்லி வையுங்கள். தைப்பூசத்தில் பார்த்தவர் பங்குனி உத்திரத்தில் மறுபடி கேட்பார். பதில் தயாராக இருந்தால் இருவருக்கும் நல்லது.

வேலையும் அட்டையும்

அதிகாரபூர்வக் கடிதம், உதவித்தொகையை நம்பியிருந்தால் அதற்கான கடிதம், இரண்டும் கையில் இருந்து, ஏற்றுக்கொண்டதற்கான உறுதியும் வந்த பிறகே ராஜினாமா. முதல் பருவம் ஆகஸ்டில் தொடங்கும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2 மாத முன்னறிவிப்பு என்றால் மே இறுதி உங்கள் எல்லைக்கோடு; அதற்குள் முடிவு வராவிட்டால் சேர்க்கையை ஒரு பருவம் தள்ள முடியுமா என்று கேட்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லவில்லை என்றால் வேலைவாய்ப்புச் சட்டப்படி, 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் வேலை பார்த்தவருக்கு 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 4 வாரம்.

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானதும் கிடைப்பது 30 நாள் வரையிலான குறுகிய காலத் தங்கல்தான். மாணவர் அட்டைக்கோ, படிப்பு தொடங்குவதற்கு 2 மாதத்துக்குள்ளாகவும் 1 மாதத்துக்குக் குறையாமலும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, கடைசி வேலைநாளை மேலாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். வேலையில் இருந்தபடி பகுதிநேரம் படித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கல்விக் கட்டண மானியம் வாங்கி இளநிலை முடித்த நிரந்தரவாசிகளும் வெளிநாட்டவரும் பெரும்பாலும் 3 ஆண்டு வேலை ஒப்பந்தத்தில் இருப்பீர்கள். மேற்படிப்புக்காக அதைத் தள்ளிவைக்க அனுமதி கேட்டுப் பெற வேண்டும். படிக்கும் காலம் அதில் கழியாது. தேசியச் சேவையாளர்கள் முகாம் பயிற்சித் தேதி முதல் பருவத்தில் விழுகிறதா என்று ஒன்என்எஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்த பிறகு

நிபந்தனையோடு வரும் கடிதத்தை இரண்டுமுறை படியுங்கள். இறுதிச் சான்றிதழின் மூலப்பிரதியை எந்தத் தேதிக்குள் காட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காத முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பதிலளிக்கும் நாள் தவறினால் இடம் தானாகவே போய்விடும்.

காத்திருப்போர் பட்டியல் என்றால், தொடர்ந்து இருக்க விரும்புவதாக உடனே எழுதி உறுதி செய்யுங்கள். எத்தனையாவது இடம் என்று கேட்கலாம், சொல்லுவார்கள் என்ற உறுதியில்லை. ஜூலை நடுவில்கூட அழைப்பு வரலாம். அப்போது புறப்பட முடியுமா என்பதை மே மாதத்திலேயே யோசித்து வையுங்கள்.

மறுப்பு என்றால் காரணம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதிப் பெரும்பாலும் பயனில்லை. பேசிய வழிகாட்டியிடம் கேட்டால் சில நேரம் ஒரு வரி கிடைக்கும், அந்த வரி பொன். வழிகாட்டி எடுக்கவில்லையா, மதிப்பெண் குறைவா, ஆய்வு முன்மொழிவு பரந்துவிட்டதா என்பதைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை மாறும். முன்மொழிவுதான் பிரச்சினை என்றால் ஜனவரிச் சேர்க்கைக்கே திருத்திப் போடலாம். மதிப்பெண் அல்லது அனுபவம் என்றால் அவசரப்பட்டு அதே கோப்பை மறுபடி அனுப்ப வேண்டாம். அந்தத் துறையிலேயே ஆய்வு உதவியாளர் வேலைக்கு முயலுங்கள், அல்லது முதுநிலைக்குக் கணக்கில் சேரும் ஒரு பாடத்தை எடுத்து நல்ல தரம் வாங்குங்கள். மறுபடி போடும்போது பரிந்துரைக் கடிதங்கள் பெரும்பாலும் புதிதாக வேண்டும். ஆகவே முடிவு எதுவானாலும், கடிதம் தந்த இருவருக்கும் அந்த வாரமே தகவல் சொல்லிவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.